எட்டாம் ஹோலின் கதவடியில்

படம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே கதவடியில் போய் நின்றுவிட வேண்டும். ஒரு கையில் தும்புத்தடி, மற்றக் கையில் நீளப் பிடி வைத்த குப்பை அள்ளி. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் கதவை முழுதாகத் திறந்து, வெளியே வருகிற எல்லாருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பெரிய தியேட்டரில் நான்கு வருடம் இந்த வேலை செய்தேன். கல்லூரிச் செலவுக்கென்று தொடங்கியது, கல்லூரி முடிந்த பிறகும் கொஞ்சக் காலம் இழுபட்டது.

நூற்றுக்கணக்கான படங்களின் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் பார்த்தவன் நான். முழுப் படத்தைப் பார்க்க நேரம் இருக்காது. ஆனால் வெளியே வருகிற முகத்தை வைத்துப் படம் எப்படி என்று சொல்லிவிடுவேன். சண்டைப் படம் என்றால் சத்தமாகக் கதைத்துக்கொண்டு நேரே கழிப்பறைக்கு ஓடுவார்கள். பகிடிப் படம் என்றால் வசனங்களைத் திருப்பிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வருவார்கள். தமிழ்ப் படம் என்றால் கதவடியிலேயே கூட்டமாக நின்று அலசுவார்கள், அடுத்த காட்சிக்கு வருகிறவர்களுக்கு வழி கிடைக்காது. இந்தக் கணக்கெல்லாம் பிழைத்துப்போனது 2016 பெப்ரவரி 19, ஒரு வெள்ளிக்கிழமை.

அன்றுதான் எட்டாம் ஹோலில் 'தி விச்' (சூனியக்காரி) என்கிற பேய்ப்படம் தொடங்கியது. இயக்குநர் ராபர்ட் எக்கர்ஸுக்கு அது முதல் முழுநீளப் படம். முந்திய வருடம் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்துக்கான பரிசு வாங்கியிருந்தது. செலவு 4 மில்லியன் டொலர்தானாம். பக்கத்து ஹோலில் 'டெட்பூல்' என்கிற சண்டைப் படம் இரண்டாம் கிழமையாக இடித்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் இந்தச் சிறிய படம், கலியாண வீட்டில் மூலையில் ஒதுங்கி இருக்கிற தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி. பெயரைக்கூட விளம்பரத்தில் டபிள்யூவுக்குப் பதிலாக இரண்டு 'வி' போட்டு எழுதியிருந்தார்கள், பழைய அச்சுப் புத்தகங்களில் வருவதுபோல. "வி-விச் படத்துக்கு இரண்டு ரிக்கெற்" என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

கதை 1630களில், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில். சமயப் பிடிவாதத்தால் குடியேற்றத்தை விட்டு வெளியேற்றப்பட்ட ஒரு குடும்பம், காட்டு ஓரத்தில் தனியாக வீடு கட்டிக் குடியிருக்கிறது. சோளம் பூஞ்சணம் பிடித்துப் போகிறது. மூத்த மகள் கையால் முகத்தை மூடித் திறந்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, அவள் முன்னாலிருந்த கைக்குழந்தை காணாமல் போகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம் வளர்கிறது. ஒரு கறுப்பு ஆட்டுக்கடாவும் உண்டு. இதற்கு மேல் சொல்லமாட்டேன்.

முதல் காட்சி தொடங்கி இருபது நிமிடத்தில் ஒருவர் வெளியே வந்தார். பெரிய உடம்பு, பனிச் சப்பாத்து. படம் இருட்டாக இருக்கிறது, உங்கள் ப்ரொஜெக்டரின் பல்ப் பழுது என்றார். நான் வோக்கி-டோக்கியில் மனேஜரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, பல்ப் நல்லாத்தான் இருக்கு, படமே அப்படித்தான் என்றார். பிறகுதான் தெரிந்தது: பகலில் முடிந்தவரை இயற்கை வெளிச்சம், இரவில் வீட்டுக்குள் மெழுகுதிரி, நெருப்பு என்று வைத்துத்தான் எடுத்திருந்தார்கள். அடுத்த முறைப்பாடு, படம் திரை முழுக்க வரவில்லை, இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்கிறது என்று. அதுவும் பழுதில்லை. அகலம் உயரத்தைப்போல 1.66 மடங்கு என்கிற அளவில் எடுத்த படம். எங்கள் திரை அதைவிட அகலம், அதனால் இரண்டு கரையிலும் இடம் மிஞ்சியது. இதை வாசலில் நின்று ஒரு மனிதருக்கு விளங்கப்படுத்திப் பாருங்கள். பதினான்கு டொலர் கொடுத்தவருக்கு கறுப்புக் கரை கறுப்புக் கரைதான்.

மூன்றாவது முறைப்பாடு என்னைச் சந்தோஷப்படுத்தியது என்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது. பாத்திரங்கள் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலம் கதைக்கிறார்கள். அந்தக் கால நாட்குறிப்புகளிலும் நீதிமன்றப் பதிவுகளிலும் இருந்து வசனங்களில் பெரும்பகுதியை அப்படியே எடுத்ததாகப் படத்தின் முடிவில் எழுத்துப் போடுவார்கள். கதைக்கிற முறையும் வட இங்கிலாந்துப் பக்கத்து உச்சரிப்பு, தகப்பனாக வருகிற ரால்ஃப் ஐனசனின் குரலோ கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல. கனடாவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண், "அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அரைவாசி விளங்கவில்லை, கீழே எழுத்துப் போட முடியாதா?" என்று என்னிடம் கேட்டாள். வந்த புதிதில் பஸ் சாரதி கேட்கிற கேள்விகூட விளங்காமல் தலையாட்டிய எனக்கு, அது ஒரு நல்ல இரவு.

எங்கள் தியேட்டரில், முதல் அரை மணித்தியாலத்துக்குள் எழும்பி வருகிறவருக்கு வேறு காட்சிக்கு ரிக்கெற் மாற்றிக் கொடுக்கலாம். இந்தப் படத்துக்கு அந்த விதி சரிவரவில்லை. குழந்தை காணாமல் போவது தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது, ஆகவே ஆட்கள் இனி அடுத்தடுத்துப் பேய் பாயும் என்று காத்திருப்பார்கள். பிறகு வருவது ஜெபம், சோளம், ஆட்டுக் கொட்டில், திரும்ப ஜெபம். அரை மணித்தியாலம் அதில் கழிந்துவிடும். ஐம்பதாவது நிமிடத்தில் கோபத்தோடு வருகிறவரிடம், நேரம் தாண்டிவிட்டது என்று சொல்ல வேண்டியது நான்.

அப்படி வந்த ஒருவரின் கோபத்துக்கு நானேதான் காரணம். மாலையில் ரிக்கெற் கிழித்துக் கொடுக்கும்போது, "நல்ல பயமா இருக்குமா?" என்று கேட்டார். நான் படம் பார்த்திருக்கவில்லை. பேய்க்கதை எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கே பயந்துபோனதாக ட்விட்டரில் எழுதியிருந்தார் என்பது மட்டும் தெரியும். "சரியான பயம், சேர், கதிரையிலிருந்து துள்ளுவீங்கள்" என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்தவர் நேரே என்னிடம்தான் வந்தார். "நான் ஒரு தரமும் துள்ளவில்லை" என்றார். காசைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நான் பொய் சொன்னதுதான் அவருடைய மனவருத்தம். மன்னிப்புக் கேட்டேன். அவர் போன பிறகு கூட வேலை செய்த அண்ணை ஒருவர், "தம்பி, பார்க்காத படத்துக்குச் சாட்சி சொல்லாதை" என்றார்.

அடுத்த நாள் வேலை தொடங்குமுன் போய், பின்வரிசையில் இருந்து முழுப் படத்தையும் பார்த்தேன். 92 நிமிடம்தான்.

அதற்குப் பிறகு யாரும் கேட்டால் வேறு மாதிரிச் சொன்னேன். "மெதுவாகப் போகும். இருட்டு. பழைய ஆங்கிலம். ஒரு ஆடு வரும், அதைக் கவனியுங்கோ." சிலர் சிரித்துவிட்டு உள்ளே போனார்கள். ஒரு இளம் சோடி அங்கேயே நின்று யோசித்து 'டெட்பூல்' பக்கம் திரும்பியது. மனேஜருக்குத் தெரிந்திருந்தால் ஏசியிருப்பார். ஆனால் இப்படிக் கேட்டுவிட்டு உள்ளே போனவர்களில் ஒருவரும் என்னிடம் முறைப்பாட்டோடு வரவில்லை. இதை ஒரு ஆராய்ச்சி முடிவு மாதிரிச் சொல்லவில்லை, நான் கதைத்ததே இருபது முப்பது பேரோடுதான். இருந்தாலும் அன்றிலிருந்து எனக்கு ஒரு எண்ணம்: கனபேர் கோபப்பட்டது திரையில் ஓடிய படத்தோடு இல்லை, முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வந்த இன்னொரு படத்துக்காக.

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. முதல் நாள் படம் பார்த்தவர்களிடம் அட்டை கொடுத்து மதிப்பெண் போடச் சொல்வார்கள். 'தி விச்'சுக்குக் கிடைத்தது சி மைனஸ். விமர்சகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடிய படத்துக்கு, கதவடியில் கிடைத்த மதிப்பெண் அது. நான் பார்த்த முகங்களுக்கு அந்த மதிப்பெண் பொருந்தத்தான் செய்தது. ஆனால் அந்த அட்டையில் கேட்காத ஒன்றையும் நான் பார்த்தேன்.

பொப்கோர்ன். காட்சி முடிந்ததும் கதிரைகளுக்குக் கீழே கிடக்கிற பைகளை எடுப்பது என் வேலை. 'டெட்பூல்' ஹோலில் பைகள் காற்றுமாதிரி இருக்கும், அடியில் வெடிக்காத நாலு சோளமணி மட்டும். எட்டாம் ஹோலில் எடுத்த பைகள் கனத்தன. அரைவாசிக்கு மேல் அப்படியே மிச்சம். முதலில் ஆட்கள் வெறுத்துப்போய் விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை உள்ளே போய் ஆட்களை எண்ணி, சூடு சரியா, சத்தம் சரியா என்று தாளில் குறிக்க வேண்டும். அப்படிப் போனபோதுதான் காரணம் பிடிபட்டது. படத்தில் அவ்வளவு அமைதி. மார்க் கோர்வன் என்கிற கனடாக்காரர் இசை, நிக்கல்ஹார்பா என்கிற சுவீடன் நாட்டுத் தந்தி வாத்தியத்தை வில்லால் தேய்த்து எடுக்கிற ஒரு முனகல், பிறகு திடீரென்று ஒன்றுமே இல்லை. அந்த இடங்களில் ஒருவர் ஒரு பொரியைக் கடித்தால் மூன்று வரிக்குக் கேட்கும். பைக்குள் விட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு பெண் கையில் எடுத்த பொரியை வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்திருந்ததை என் சின்ன ரோச் லைற் வெளிச்சத்தில் கண்டேன். நான் அடுத்த வரிக்குப் போய்த் திரும்பி வந்தபோதும் அது அவள் விரல்களுக்கு நடுவில்தான் இருந்தது. அவளேதான் பிறகு வெளியே வரும்போது தோழியிடம், "என்ன அறுவைப் படம், ஒன்றுமே நடக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

சிரிப்பும் அப்படித்தான். ஆடு திரையில் வரும்போதெல்லாம் ஹோலின் ஒரு மூலையில் யாராவது சிரிப்பார்கள். முதலில் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பின் சத்தம் எனக்குப் பழகியது. செத்த வீட்டில் சிலருக்கு வருகிற சிரிப்பு அது.

கனடாக்காரர்களை உண்மையாகவே அசைத்த விஷயம் ஒன்று உண்டு, அது படத்திலேயே இல்லை. அந்தக் காடு நியூ இங்கிலாந்தில் இல்லை. அங்கே வரிச் சலுகை கிடைக்காததால் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வந்து, அல்கொன்குவின் பூங்காவின் வடபக்கம் கியோஸ்க் என்கிற இடத்தில் எடுத்தார்கள், ஒருகாலத்தில் மர ஆலை இருந்து பிறகு ஆளில்லாமல் போன ஊர். பெயர்கள் ஓடி முடியும்வரை இருந்துவிட்டு வந்த ஒரு வயதான தம்பதியிடம் இதைச் சொன்னேன். அந்த அம்மையாரின் முகம் மாறியது. "எங்கள் கொட்டேஜ் அந்தப் பக்கம்தான்" என்றார். கணவர் ஒன்றும் சொல்லாமல் கோட்டின் சிப்பை மேலே இழுத்தார்.

வேலை முடிய இரவு ஒரு மணியாகும். அம்மா முழித்திருப்பார். நான் சாப்பிடும்போது, அன்று ஓடிய படத்தின் கதையைக் கேட்பது அவருடைய வழக்கம். தியேட்டருக்குக் கூப்பிட்டால் வரமாட்டார், குளிர் என்பார். 'தி விச்' கதையையும் சொன்னேன். முன்னோட்டம் பார்க்காதவர், பேய்ப்படம் என்றுகூட நான் சொல்லவில்லை. காட்டு ஓரத்தில் தனியாக ஒரு குடும்பம் என்றதுமே, "ஊர்ச்சனத்தோடை கோவிச்சுக்கொண்டு போனால் ஆபத்துக்கு ஆர் வருவினம்?" என்றார். வன்னியில் காட்டு ஓரத்தில் நாங்களும் கொஞ்சக் காலம் இருந்திருக்கிறோம், அது நாங்களாகப் போனதில்லை. குழந்தை காணாமல் போன இடம் வந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொத்தி" என்றார். பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றித் திரியும் என்று எங்கள் பக்கத்தில் சொல்கிற பேய். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை தாயையும் பிள்ளையையும் தனியே விடமாட்டார்கள். "அந்தப் பெட்டை கண்ணைப் பொத்தினது பிழை, மோனை. பச்சைப்பிள்ளையை வைச்சுக்கொண்டு கண்ணைப் பொத்தக் கூடாது."

நான் வேலை செய்த இடத்தில் அந்தப் படத்தைப் பற்றி எவ்வளவோ பேர் கதைத்தார்கள். மெதுவான படம் என்று சொல்லாத ஒரே ஆள் அம்மாதான். அவருக்கு அது வேகமாகப் போன கதை. சோளம் பூஞ்சணம் பிடித்ததும் ஒரு சம்பவம், தகப்பன் தாய்க்குத் தெரியாமல் வெள்ளிக் கிண்ணத்தை விற்றது பெரிய சம்பவம். "அதை ஒளிச்சதாலைதான் எல்லாம்" என்று கோபப்பட்டார். ஆட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. ஆட்டுக்கடா அப்படித்தான் இருக்கும் என்பதுபோல.

கடைசியில் அந்த மூத்த மகளுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். எட்டாம் ஹோலில் ஆட்கள் சிரித்தும் ஏசியும் எழும்பிப் போன இடம் அதுதான்.

அம்மா என் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"பின்னை, அவள் வேறை எங்கை போறது?"