கருவாட்டில் சிவப்பு

தொண்டிக் கடற்கரையில் காயப்போட்டிருந்த கருவாட்டில் ஒரு துண்டு மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது.

"உப்பு பத்தலையா ஆத்தா?"

"உப்புலதான்யா இது வரும்" என்று அதைத் தனியே எடுத்துப் போட்டார்.

அவர் சொன்னது சரி. மற்ற கிருமிகள் சுருண்டு போகும் உப்பில்தான் இந்தச் சிவப்பு நுண்ணுயிர்கள் செழிக்கும்.

இப்படித் தாக்குப்பிடிக்க ஒவ்வொரு நுண்ணுயிருக்கும் ஒரு வழி. எனக்குப் பிடித்தது மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவின் வழி. தன் டி.என்.ஏ. இழையின் முதுகெலும்பில் ஆங்காங்கே ஓர் ஆக்சிஜன் அணுவை எடுத்துவிட்டு, அங்கே கந்தகத்தைச் செருகிவிடும். மரபு எழுத்துகள் ஒன்றுகூட மாறாது!

2007-இல்தான் இது தெரியவந்தது. அதுவரை, இது மனிதர்கள் ஆய்வகத்தில் செய்த சரக்கு என்றே நினைத்திருந்தார்கள். (பாக்டீரியா சிரித்திருக்கும்.)

டி.என்.ஏ.வைச் சிதைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற வேதிப்பொருள் தாக்கினால் முதல் அடியைக் கந்தகம் வாங்கிக்கொள்ளும். டி.என்.ஏ. தப்பிக்கும்.

ஆனால் எல்லா அடிக்கும் இது கேடயம் இல்லை. கிருமியைக் கொல்ல நம் வெள்ளை அணுக்கள் உண்டாக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலம் பட்டால், கந்தகம் இருக்கும் இடத்திலேயே இழை அறுந்துவிடும்.