பெயர் மாற்றக் கோப்பு எந்த மேசையில் உறங்கியது?

அப்பா மறைந்த பின், வீட்டுச் சொத்துவரியை அம்மாவின் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தோம். வீடு கடலூர் மாவட்டத்து நகராட்சி ஒன்றில் இருக்கிறது. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். இறப்புச் சான்றும், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றும் சிக்கலின்றிக் கிடைத்தன. நடப்பு அரையாண்டு வரை வரியும் கட்டியாயிற்று.

விண்ணப்பத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, எண்ணும் தேதியும் இட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கினேன். அது இல்லாமல் யாரும் படியிறங்க வேண்டாம். அதன்பின் எப்போது போய் நின்றாலும், "ஆர்.ஐ. பார்வையில் இருக்கிறது" என்பதே பிரிவு எழுத்தரின் பதில். ஆர்.ஐ. எனப்படும் வருவாய் ஆய்வாளரோ பெரும்பாலும் களப்பணியில் இருந்தார். மஞ்சக்குப்பத்தில், ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்தேன். அம்மனு அதே நகராட்சியின் அதே மேசைக்கே அனுப்பப்பட்டு, "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒற்றை வரியோடு முடித்து வைக்கப்பட்டது.

பிறகுதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி விண்ணப்பித்தேன். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், விளக்கம் கேட்பது தகவலாகாது என்று எளிதாகத் தட்டிக்கழித்துவிடுவார்கள். இன்ன எண்ணுள்ள மனு எந்தத் தேதியில் எந்தப் பதவியில் உள்ளவரிடம் இருந்தது என்ற விவரத்தையும், கோப்பில் அலுவலர்கள் எழுதிய குறிப்புத் தாளின் நகலையும் கேளுங்கள். எதற்காக என்று வினவினால், 6(2) பிரிவின்படி காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். எனக்கு அந்த நிலை வரவில்லை.

நகலைப் படித்தபோது சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. வாரிசுகளில் ஒருவரான என் தங்கையின் சம்மதப் பத்திரம் இல்லை என்று எழுதி, ஆய்வாளர் கோப்பை எப்போதோ திருப்பிவிட்டிருந்தார். அலுவலகச் சுவரில் ஒட்டியுள்ள ஆவணப் பட்டியலில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. கோப்பு திரும்பி வருவதற்குள் பழைய எழுத்தர் மாறுதலாகிப் போக, புதியவர் பொறுப்பேற்றபோது பெற்ற கோப்புகளின் பட்டியலில் அது இடம்பெறவில்லை. குறிப்பெழுதியதோடு தம் பணி முடிந்தது என்கிறார் ஆய்வாளர். கோப்பு தம் கைக்கே வரவில்லை என்கிறார் எழுத்தர். இரண்டும் உண்மைதான். குறையை மனுதாரருக்குத் தெரிவிப்பது மட்டும் அங்கே எவருடைய வேலையாகவும் இல்லை. ஆளை மாற்றினால் இது தீராது. திருப்பும் கோப்புக்கெல்லாம் மனுதாரருக்கு ஒரு கடிதம் போக வேண்டும் என்று ஆணையர் ஒரு சுற்றறிக்கை விட்டால் தீரும்.

தங்கை நோட்டரி முன் கையொப்பமிட்ட பத்திரத்தைக் கொடுத்த அதே வாரம் ஆணை வந்துவிட்டது. புது ரசீதில் அம்மாவின் பெயரைப் பார்த்துவிட்டு, குடிநீர்க் கட்டண ரசீதைப் புரட்டினேன். அதில் இன்னும் அப்பாவின் பெயரே இருக்கிறது. அதற்குத் தனி விண்ணப்பமாம். இம்முறை தங்கையின் சம்மதப் பத்திரத்தை முதலிலேயே இணைத்துவிட்டேன்.