மைக் வாங்கும் முன் அறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்க

கணகணன்னு எதிரொலிக்குதா? அப்போ கண்டென்சர் மைக் வேண்டாம். மின்விசிறிச் சத்தம், பக்கத்து அறைப் பேச்சு எல்லாத்தையும் அள்ளிட்டு வரும். தூரச் சத்தத்தை அவ்வளவா பிடிக்காத டைனமிக் மைக் எடுத்து, வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வைங்க. நேரா வெச்சா ஒவ்வொரு 'ப'வுக்கும் டப்புன்னு காத்து அடிக்கும்.

மீட்டிங் மட்டும்னா வயர் உள்ள யூஎஸ்பி ஹெட்செட்டே தாராளம். ப்ளூடூத் ஹெட்செட் பலதில் மைக் ஆன் ஆனதும் குரல் தரம் போன் கால் மாதிரி இறங்கிடும்.

ஷுர் எஸ்எம்7பி டைனமிக் மைக் மேல ஆசையா? அதுக்குச் சுமார் 60 டெசிபல் கெய்ன் (ஒலியைப் பெருக்குற அளவு) வேணும். மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டி சின்னதா இருந்து, அதுல கெய்னை முழுசாத் திருகினா பல சமயம் உஸ்ஸுன்னு இரைச்சல்தான். பட்ஜெட் கம்மின்னா யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் (இன்டர்ஃபேஸில் செருகுற மூணு முள் இணைப்பு) ரெண்டும் உள்ள டைனமிக் மைக் எடுங்க. பின்னாடி இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் அதே மைக் போதும்.