காய்ச்சல் இல்லை, தண்ணீர் மட்டும் தீர்ந்துகொண்டே இருந்தது

எங்கள் நாய் ஜூலியின் தண்ணீர்க் கிண்ணத்தைக் காலையும் மாலையும் நிரப்புவது என் மகளின் வேலை. "அம்மா, நடுவுலயே காலியாயிடுதும்மா" என்று அவள் சொன்ன அன்று ஜூலியிடம் வேறு எந்தக் குறையும் கண்ணில் படவில்லை. வெயில் கூடியிருக்கவில்லை, சாப்பாட்டையும் நாங்கள் மாற்றவில்லை. கதவு மணி அடித்தால் எழுந்து ஓடினாள், வாலை ஆட்டினாள். 9 வயது, 20 கிலோ எடை, கருத்தடை செய்யாத பெண் நாய். இந்த மூன்று விவரமும் பிறகு ஒவ்வொன்றாகக் கணக்குக்கு வந்தன.

நிறையக் குடிக்கிறாள் என்று கண்ணால் பார்த்துச் சொல்வதில் பயனில்லை, அளக்க வேண்டும். அளவுக் கோடு போட்ட பாட்டிலில் தண்ணீர் எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றி, எவ்வளவு ஊற்றினோம் என்று சுவரில் ஒட்டிய தாளில் எழுதினோம். பாத்ரூம் வாளியில் வாய் வைத்துவிடாதபடி கதவைச் சாத்தி வைத்தோம். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைத் திரும்ப அளந்து கழித்தோம். நல்ல ஆரோக்கியமான நாய் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி குடிக்கும். 100 மில்லியைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். ஜூலியின் எடைக்கு அந்த எல்லை 2 லிட்டர். அவள் இரண்டரை லிட்டருக்கு மேல் குடித்திருந்தாள். காய்ந்த பெல்லட் மட்டும் தின்னும் நாய் கூடுதலாகக் குடிக்கும், ஈரமான சாப்பாடு சாப்பிடுவது குறைவாகக் குடிக்கும். அதனால் பக்கத்து வீட்டு நாயோடு ஒப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை, நேற்றைய ஜூலியோடுதான் இன்றைய ஜூலியை ஒப்பிட வேண்டும்.

பிறகு வழக்கமான சோதனைகள். எங்கள் வீட்டில் இவை மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்கும், நாய் நன்றாக இருக்கும்போதே. அதனால் அவளும் முரண்டு பிடிக்க மாட்டாள், எங்களுக்கும் அவளுடைய வழக்கமான அளவுகள் தெரியும். (மூக்கைத் தொட்டுப் பார்ப்பதை நாங்கள் விட்டு ரொம்ப நாளாகிறது. தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்திருக்கும், கடும் காய்ச்சல் உள்ள நாய்க்கு ஈரமாகவும் இருக்கலாம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.) டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் வாசலின் தடவி, ஒருவர் தலைப்பக்கம் அணைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வாலைத் தூக்கி ஆசனவாயில் மெல்ல வைக்க வேண்டும். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நம் உடம்புக் கணக்கில் அது காய்ச்சல் மாதிரித் தெரியும், பயப்பட வேண்டாம். ஜூலிக்கு 101.6.

அடுத்து ஈறு. மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே விரலால் அழுத்தினால் அந்த இடம் வெளுக்கும், விரலை எடுத்ததும் 2 விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். ஜூலியின் ஈறு பாதிக்கு மேல் கறுப்பு. இடதுபக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் ரோஸ் நிறத்தில் ஒரு திட்டு இருக்கிறது, நாங்கள் பார்ப்பது அதைத்தான். ஈறு முழுக்கக் கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உட்பக்கம் பார்க்கலாம். ஜூலிக்கு நிறமும் சரி, ஈரமும் சரி, ஒரு குறையும் இல்லை. தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை எண்ணினோம். நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும், இருந்தது.

ஆக, எல்லாம் நார்மல். "காய்ச்சல்தான் இல்லையே, ரெண்டு நாள் பார்த்துட்டுப் போலாமே" என்றார் என் கணவர். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டுப் பந்தைத் தூக்கிக்கொண்டு வரும் நாய்க்கு நாங்களும் ஒரு நாள் பொறுத்துத்தான் பார்ப்போம். ஆனால் அன்றிரவு ஜூலி தன் சாப்பாட்டில் கால் பங்கை மீதி வைத்தாள். படுத்த இடத்திலேயே பின்பக்கத்தைத் திரும்பத் திரும்ப நக்கினாள். பல வருடமாக விடிய விடிய அடக்கிப் பழகியவள், ராத்திரியில் ஒன்றுக்குப் போகக் கதவைச் சுரண்டினாள். தனித்தனியாக எடுத்தால் எல்லாம் சில்லறை விஷயங்கள்தான். ஆனால் ஒரே வாரத்தில் மூன்று பழக்கம் மாறியிருந்தது. என்னைப் பொறுத்தவரை தெர்மாமீட்டரைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

காலையில் முதல் வேலையாக டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். வயது என்ன, கருத்தடை ஆகிவிட்டதா, கடைசியாக எப்போது ஹீட்டுக்கு (இனச்சேர்க்கைப் பருவத்துக்கு) வந்தாள், வாந்தி உண்டா, பின்பக்கம் ஏதாவது ஒழுகுகிறதா, ஊசியோ மாத்திரையோ ஏதும் போகிறதா, அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா. ஹீட் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றதும் அவர் குரல் மாறியது. "இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. தண்ணி குடிச்சா குடிக்கட்டும், நிறுத்தாதீங்க. வயித்தை அமுக்கிப் பாக்காதீங்க. முடிஞ்சா கொஞ்சம் யூரின் பிடிச்சிட்டு வாங்க."

தண்ணீரை நிறுத்தக் கூடாது என்றது ரொம்ப முக்கியம். அதிகமாக ஒன்றுக்குப் போகிறதே என்று கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறவர்கள் உண்டு. சிறுநீர் முதலில் வெளியேறிவிடுகிறது, அந்த இழப்பை ஈடுகட்டத்தான் நாய் குடிக்கிறது. கிண்ணத்தை எடுத்தால் உடம்பு வற்றிப்போகும்.

யூரின் பிடிப்பது தனிக் கலை. சுத்தமாகக் கழுவிக் காயவைத்த நீளக் கைப்பிடிக் கரண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவள் உட்கார்ந்தாள், நான் குனிந்தேன். கரண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்று, 'உனக்கு என்னதான் வேணும்' என்பதுபோல என்னைப் பார்த்தாள். கடைசியில் என் மகள் முன்னால் நின்று பேச்சுக் கொடுக்க, நான் பின்னாலிருந்து பாதி ஆரம்பித்த பிறகு கரண்டியை நீட்டினேன். ஆரம்பிக்கும் முன்பே நீட்டினால் எந்த நாயும் நிறுத்திவிடும். வந்தது ஏறக்குறையத் தண்ணீர் நிறத்திலேயே இருந்தது.

கிளினிக்கில் ஜூலி ஆரோக்கியத்தின் திருவுருவம். உள்ளே நுழைந்ததும் காதை நிமிர்த்திக்கொண்டு எல்லோரையும் முகர்ந்தாள். புது இடம், புது வாசனை, கொஞ்சம் பயம், இதெல்லாம் சேர்ந்தால் நோயாளி நாய்கூடச் சுறுசுறுப்பாகத் தெரியும். இதற்காகவே வீட்டில் அவள் சுருண்டு படுத்து நக்கிக்கொண்டிருந்ததை மொபைலில் எடுத்து வைத்திருந்தேன். டாக்டர் அதை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். தாளில் எழுதிய தண்ணீர்க் கணக்கையும் வாங்கிக்கொண்டார். அதிகத் தாகத்துக்குச் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, அட்ரீனல் சுரப்பியின் கோளாறு என்று பல காரணங்கள் உண்டு. இரத்தமும் யூரினும் பரிசோதனைக்குப் போயின. ஆனால் அவர் முதலில் செய்தது வயிற்று ஸ்கேன்.

ஸ்கேனில் திரவம் கறுப்பாகத் தெரியும். திரையில் ஒன்றையடுத்து ஒன்றாகக் கறுப்பு வட்டங்கள். சாதாரணமாக ஸ்கேனில் கண்டுபிடிக்கவே சிரமப்படும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டிய கர்ப்பப்பை, சீழ் கட்டிப் பருத்திருந்தது. பயோமெட்ரா.

ஏன் ஹீட்டைப் பற்றிக் கேட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. ஹீட் முடிந்த பிறகு, கரு தரித்தாலும் தரிக்காவிட்டாலும், நாயின் உடம்பில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இரண்டு மாதம் போல உயர்ந்தே இருக்கும். அது கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கிறது, சுரப்பைக் கூட்டுகிறது, கர்ப்பப்பை சுருங்கி எதையும் வெளியே தள்ளாதபடி தடுக்கிறது, அங்கே எதிர்ப்பு சக்தியையும் குறைக்கிறது. ஹீட்டின்போது கர்ப்பப்பை வாய் திறந்திருந்த சமயம் உள்ளே போன பாக்டீரியா, பெரும்பாலும் ஈ.கோலை, அங்கே பெருகுகிறது. ஒவ்வொரு ஹீட்டுக்கும் இதே கதை திரும்பத் திரும்ப நடப்பதால், நடு வயதைத் தாண்டிய நாய்களுக்கு ஆபத்து அதிகம். அந்தப் பாக்டீரியாவின் நச்சு, சிறுநீரைச் செறிவாக்கும் வேலையைச் சிறுநீரகம் செய்யவிடாமல் தடுக்கிறது. அதுதான் தண்ணீர் நிற யூரின், அதுதான் காலிக் கிண்ணம்.

கர்ப்பப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே ஒழுகும், யாரும் கண்டுபிடித்துவிடலாம். ஜூலிக்கு மூடியிருந்தது. வெளியே தெரிய ஒன்றும் இல்லை, உள்ளே நிரம்பிக்கொண்டே போகிறது. மூடிய வகைதான் மோசம். கிழிந்தால் வயிற்றுக்குள் சீழ் கொட்டிவிடும். வயிற்றை அமுக்காதே என்று சொன்னது அதற்காகத்தான். காய்ச்சலைப் பற்றிக் கேட்டேன். இந்த நோயில் காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நிலைமை முற்றினால் உடல்வெப்பம் இயல்புக்குக் கீழேகூடப் போகலாம் என்றார்.

சலைனும் ஆன்டிபயாடிக்கும் ஏற்றி, அன்று மாலையே ஆபரேஷன். கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்கள். சாதாரணக் கருத்தடையும் இதே ஆபரேஷன்தான், ஆனால் நோயில்லாத இளம் நாய்க்குச் செய்வதற்கும் நச்சு ஏறிய வயதான நாய்க்குச் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை டாக்டர் மறைக்காமல் சொன்னார். அந்த மாலையைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. காத்திருந்தோம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கள் வேலை ஆரம்பித்தது. ஈறு பார்த்துப் பழகியது இங்கே கைகொடுத்தது, அந்த ரோஸ் திட்டு வெளுத்தால் உள்ளே இரத்தம் கசியலாம் என்று அர்த்தம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பார்த்தோம். தையலை ஒவ்வொரு நாளும் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்தேன், வீக்கம் கூடுகிறதா குறைகிறதா என்று ஞாபகத்தை நம்பாமல் பார்க்க. லேசான சிவப்பும் கொஞ்சம் வீக்கமும் பரவாயில்லை. ஒழுகல், நாற்றம், தையல் விட்டு இடைவெளி, தொட்டால் கொதிப்பு, இதில் எது வந்தாலும் போன். வலி தாங்காமல் முனகுகிறாளே என்று என் அம்மா, "அரை மாத்திரை குடுத்துப் பாரேன்" என்று நாம் போடும் பாராசிட்டமாலை நீட்டினார். வேண்டவே வேண்டாம் என்றேன். பாராசிட்டமால் நாயின் ஈரலையும் இரத்தச் சிவப்பணுக்களையும் கெடுக்கும், ஐபுப்ரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் தாக்கும். டாக்டர் கொடுத்த வலி மருந்து மட்டும், அவர் சொன்ன அளவு மட்டும். கழுத்தில் மாட்டிய கோனோடு கதவு நிலையில் முட்டி முட்டி நடந்தாள், ஆனாலும் தையல் பிரிக்கும்வரை கழற்றவில்லை. நக்க விட்டால் ஒரே ராத்திரியில் தையலைப் பிரித்துவிடுவார்கள்.

தண்ணீரை மட்டும் தொடர்ந்து அளந்தோம். அளவு படிப்படியாக இறங்கி ஒரு லிட்டர் பக்கம் வந்து நின்றது.

இதையெல்லாம் கேட்ட நண்பர்கள், எப்போது காத்திருக்கலாம், எப்போது ஓட வேண்டும் என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். ஒருவேளைச் சாப்பாட்டை மறுத்தது, ஒருமுறை பேதியானது, ஆனால் விளையாடுகிறது என்றால் ஒரு நாள் பார்ப்போம். குட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. வாந்தியும் இரத்தப் பேதியும் சேர்ந்தால் பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம், சில மணி நேரத்தில் உடம்பு வற்றிவிடும். பெரிய நாய்க்கு நடுராத்திரியானாலும் கிளம்ப வைக்கும் விஷயங்கள் சில உண்டு. வயிறு உப்பி, ஓங்கரித்து ஓங்கரித்து ஒன்றும் வெளியே வராவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆழமான மார்புள்ள பெரிய இனங்களில் அது அதிகம், விடியும்வரை தாங்காது. காலைத் தூக்கித் தூக்கி முக்கியும் ஆண் நாய்க்குச் சொட்டு யூரின் வரவில்லை என்றாலும் அப்படித்தான். 5 நிமிடம் தாண்டும் வலிப்பு, வெளுத்த அல்லது நீலம் பாரித்த ஈறு, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறல், எழுந்து நிற்க முடியாமல் சரிவது. எலிமருந்து, சாக்லேட், உலர்திராட்சை, சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதில் போடுவது) சேர்த்த இனிப்பு ஏதாவது தின்றுவிட்டால் நாய் நன்றாக இருக்கும்போதே போன் போட வேண்டும். உப்பைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் வேலை வேண்டாம், அந்த உப்பே நஞ்சாகும்.

திடீரென்று குணம் மாறி, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகினால், தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கும் என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். ரேபிஸாகவும் இருக்கலாம். நாயைத் தனியாக அடைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இப்போது வீட்டில் ஜூலியோடு ஒரு பெண் குட்டியும் இருக்கிறது. கருத்தடையை எப்போது செய்யலாம் என்று டாக்டரிடம் பேசியாகிவிட்டது. பெரிய இனமாக இருந்தால் வளர்ச்சி முடியும்வரை தள்ளிப்போடச் சொல்வதுண்டாம், இவள் சிறிய இனம். ஹீட்டின்போது இரத்த ஓட்டம் கூடியிருக்கும் என்பதால் அந்தச் சமயத்தைத் தவிர்ப்பார்களாம். நாள் குறித்துவிட்டோம்.