பி0456: அரை மில்லிமீட்டர் கசிவைத் தேடி

கார் அமெரிக்கச் சந்தைக்கானது, பெட்ரோல். செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0456 என்ற பிழைக் குறியீடு. ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியாது. 0.020 அங்குலத் துளை, அதாவது அரை மி.மீ. அளவுக்கு எங்கோ பெட்ரோல் ஆவி கசிகிறது. பி0442 என்றால் ஒரு மி.மீ. அளவு. பி0455 பெரிய கசிவு; பல நேரம் டேங்க் மூடியைச் சரியாகத் திருகாததுதான்.

முதலில் மூடி. ரப்பர் வளையத்தில் வெடிப்பு, கழுத்து விளிம்பில் துரு இரண்டும் இல்லை. ஆனாலும் புது மூடி போட்டு, பிழைக் குறியீட்டை அழித்தாயிற்று. சில நாள் விளக்கு எரியவில்லை, பிறகு திரும்ப வந்தது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கார் தானே செய்யும் கசிவுச் சோதனை எல்லா ஓட்டத்திலும் நடக்காது. எஞ்சின் நன்கு ஆறியிருக்க வேண்டும், டேங்க் ஏறத்தாழ 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் அடுத்தடுத்து இரண்டு முறை தோற்றால்தான் விளக்கு எரியும்.

அடுத்து, பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் வால்வு. ஆறிய எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, கரி டப்பாவிலிருந்து (டேங்க் ஆவியைப் பிடித்துவைக்கும் பெட்டி) வரும் குழாயைக் கழற்றி, வால்வின் வாயில் விரல் வைத்தால் உறிஞ்சல் இருக்கக் கூடாது. இதில் இல்லை. (பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆக மக்கர் செய்யும் கார்களில் இதே வால்வு திறந்தபடி நின்றிருக்கும்.) கரி டப்பாவுக்குள் வெளிக்காற்றை விடும் வென்ட் வால்வு நேர்மாறு: மின்சாரம் இல்லாதபோது திறந்திருக்கும், 12 வோல்ட் கொடுத்தால் மூடி, ஊதினால் காற்றுப் போகாது. அதுவும் சரி.

மிச்சம் புகைச் சோதனை. வென்ட்டை மூடிவிட்டு, அரை பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஆவிக் குழாய்களுக்குள் புகையைச் செலுத்தி, எங்கே வெளிவருகிறது என்று பார்ப்பது. ஒரு பிஎஸ்ஐ தாண்டினால் அழுத்த சென்சார் கெடும். கம்ப்ரசரை நேராக மாட்டுவது பைத்தியக்காரத்தனம். காற்றோடு ஆவி கலந்தால் தீப்பிடிக்கும் என்பதால் நைட்ரஜன் நல்லது. கரி டப்பாவுக்குப் போகும் ரப்பர் குழாயில், கிளாம்புக்கு அடியிலிருந்து நூல்போலப் புகை வந்தது. குழாயை வளைத்தால்தான் வெடிப்பே கண்ணில் படுகிறது.

மாற்றும்போது பெட்ரோல் ஆவி தாங்கும் குழாயாகவே வாங்கவும். ரேடியேட்டர் குழாய்த் துண்டு ஊறி உப்பிவிடும். பம்ப் தானாக நின்ற பிறகும் பெட்ரோலைத் திணிக்கும் பழக்கமிருந்தால் கரி டப்பாவையும் பார்க்கவும்: திரவ பெட்ரோல் ஏறிய கரி வீண்.

இந்த முறை குறியீட்டை அழிக்கவில்லை. மூன்று ஓட்டங்களில் தொடர்ந்து தேறினால் விளக்கு தானே அணையும். வாகனப் புகைச் சான்றிதழுக்கு முந்தின நாள் அழித்தால், கார் தானே செய்த மற்றச் சோதனைகளின் பதிவும் போய்விடும். கலிபோர்னியாவில் 2000-ஆம் ஆண்டு மாடல் முதலான பெட்ரோல் கார்களுக்கு ஆவிச் சோதனை ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம், மற்றவை முடிந்திருக்க வேண்டும்.