பஃபேயும் பில்லும்

நட்சத்திர ஹோட்டல் பஃபே என்றால் எங்கள் வீட்டில் காலை டிபனையே ரத்து செய்துவிடுவார்கள். அப்படிப் பட்டினி கிடந்து போனால் முதல் தட்டிலேயே பசி அடங்கிவிடும். அதுவும் எதில்? சூப், பிரெட், நூடுல்ஸில். கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் விலை குறைந்த பண்டங்கள்தான் வரிசையின் தொடக்கத்தில் இருக்கும். இறாலும் மட்டனும் கடைசியில், பல இடங்களில் ஒருவர் கரண்டியோடு நின்று அளந்து வைப்பார்.

நான் முதலில் வெறுங்கையோடு ஒரு சுற்று வருவேன். "என்ன, இன்ஸ்பெக்‌ஷனா?" என்பார் அண்ணி. ஆமாம் அண்ணி. ஆப்பம், தோசை, கிரில் என்று கண்ணெதிரே சுட்டுத் தரும் கவுண்டர்தான் என் முதல் தேர்வு. மூடி போட்ட பாத்திரத்தில் வெகுநேரமாகச் சூட்டிலேயே கிடக்கும் பிரியாணி அப்புறம்தான். இவ்வளவு சொல்லியும் அம்மா நேராகத் தயிர் சாதத்துக்குத்தான் போவார், அது வேறு விஷயம்.

சரி, பில்லுக்கு வருவோம். 1,499 ரூபாய், வரி தனி என்று போட்டிருந்தால், சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5%. அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18%, ஆக 1,769. அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அது அரசுக்குப் போகும் வரி இல்லை. கட்டாயமாக வசூலிக்கக் கூடாதென்று 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. மனமிருந்தால் அந்தப் பணத்தைத் தோசை மாஸ்டர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.