கஞ்சா வழக்கா? முதலில் எடையைக் கேளுங்கள்

வீட்டுப் பிள்ளையைக் கஞ்சா கேஸில் பிடித்துவிட்டார்கள் என்று தகவல் வந்ததும் "எந்த ஸ்டேஷன்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கூடவே "எவ்வளவு எடை?" என்றும் கேளுங்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில், அதாவது என்.டி.பி.எஸ். சட்டத்தில், தண்டனை, ஜாமீன், எந்தக் கோர்ட், குற்றப்பத்திரிகைக்கு எத்தனை நாள் என எல்லாமே எடையைப் பிடித்துத்தான் போகும்.

கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறு அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. 'குறைவாக', 'அதிகமாக' என்றே சட்டம் சொல்வதால், துல்லியமாக 1 கிலோவோ 20 கிலோவோ இருந்தால் அது நடுப் பிரிவில்தான் விழும். சிறு அளவுக்கு அதிகபட்சம் 1 ஆண்டு கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடுப் பிரிவுக்கு 10 ஆண்டு வரை. வணிக அளவென்றால் குறைந்தபட்சமே 10 ஆண்டு. 20 வரை போகலாம். மற்ற சரக்குகளுக்கு வரம்பு இன்னும் சின்னது. ஹெராயினுக்கு 5 கிராமும் 250 கிராமும், மெத்தாம்ஃபெட்டமைனுக்கு 2 கிராமும் 50 கிராமும்தான் அந்த இரண்டு எல்லைகள். "ஒரு சின்ன பொட்டலம்தானே" என்ற ஆறுதல் அங்கே எடுபடாது.

மகஜரில், அதாவது பிடித்த சரக்கைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதிவைக்கும் பறிமுதல் குறிப்பில், 20.400 கிலோ என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது சாக்கும் டேப்பும் சேர்ந்த எடையா, பிரித்து நிறுத்த நிகர எடையா? நிகர எடை 20-க்குள் வந்தால் வழக்கின் முகமே மாறிவிடும். சட்டத்தின் பார்வையில் கஞ்சா என்பது செடியின் பூத்த, காய்த்த நுனிகள். நுனி இல்லாமல் தனியாகக் கிடைக்கும் இலையும் விதையும் அதில் சேராது. மகஜரில் என்ன வர்ணித்திருக்கிறார்கள் என்பதை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டியது இதற்காகத்தான். பவுடர் வழக்குகளில் நிலைமை தலைகீழ். 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கலந்திருக்கும் வேறு பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்றது. அதனால் 260 கிராம் பவுடரில் அசல் ஹெராயின் 4 கிராம்தான் என்று வாதாடிப் பயனில்லை.

வணிக அளவானால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அரசு வழக்கறிஞர் எதிர்த்தால், இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் உண்டு, வெளியே போனாலும் குற்றம் செய்ய மாட்டார் என்ற இரண்டிலும் நீதிபதிக்குத் திருப்தி வந்தால்தான் ஜாமீன். சிறு அளவுக்கும் நடுப் பிரிவுக்கும் இந்தத் தடை இல்லை.

காலண்டரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுப் பிரிவு கஞ்சா வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் ஜாமீன் உரிமையாகிவிடும். ரிமாண்ட் செய்த நாளும், அதாவது மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிட்ட நாளும், அந்த 60-இல் சேரும். வணிக அளவுக்கு 180 நாள். அரசு வழக்கறிஞர் காரணம் காட்டி அறிக்கை கொடுத்தால் கோர்ட் 1 ஆண்டு வரை நீட்டிக்கலாம். உரிமை தானாக வந்து கதவைத் தட்டாது. 61-ஆம் நாள் காலையிலேயே மனு போட வேண்டும். மனுவுக்கு முன்னால் குற்றப்பத்திரிகை உள்ளே போய்விட்டால் அந்த வாய்ப்பு போயிற்று. ஒரு நாள் அசட்டையால் மாதக்கணக்கில் உள்ளே கிடப்பவர்கள் உண்டு.

சோதனை நடந்த விதத்தைப் பற்றி ஊரில் பாதி உண்மைதான் உலவுகிறது. உடலைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை கேட்க உரிமை உண்டு என்று சொல்லியாக வேண்டும். அது 50-ஆம் பிரிவு. ஆனால் கையில் இருந்த பைக்கோ, வண்டிக்கோ இது பொருந்தாது. சரக்கு பையில் கிடைத்திருந்தால் 50-ஐ மட்டும் நம்பி உட்காராதீர்கள். வீட்டில் எடுத்தார்களா, முன்தகவலை எழுதிவைத்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பினார்களா என்று 42-ஆம் பிரிவைப் பாருங்கள். பரிசோதனைக்குச் சரக்கில் மாதிரி எடுத்தது மாஜிஸ்திரேட் முன்னிலையிலா என்று பார்க்க வேண்டியது 52ஏ பிரிவில். 67-ஆம் பிரிவில் அதிகாரி வாங்கிய ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று 2020-இல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. வண்டியில் சரக்கு இருந்தது தெரியாது என்பவருக்கும் வழி உண்டு. ஆனால் பொருள் அவர் வசம் இருந்தது நிறுவப்பட்டுவிட்டால், தெரியாது என்று காட்டும் பொறுப்பு அவர் தலையில்.

இப்போது வக்கீல். எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட் அறிக்கை, மகஜர், கைது குறிப்பு ஆகியவற்றின் நகலோடு போங்கள். நல்ல வக்கீல் காகிதத்தைப் பார்த்து எடை, பிடித்த இடம், நேரம், ரிமாண்ட் தேதி ஆகியவற்றைத்தான் முதலில் கேட்பார். "வெள்ளிக்கிழமைக்குள் வெளியே எடுத்துவிடுகிறேன்" என்று வணிக அளவு வழக்கில் ஒருவர் சத்தியம் செய்தால் அடுத்தவரைப் பாருங்கள். என்.டி.பி.எஸ். சிறப்பு நீதிமன்றத்தில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து முடித்த வழக்குகள் எத்தனை என்று கேளுங்கள். ஜாமீன் மனு மட்டும் போட்டவருக்கும் விசாரணை நடத்தியவருக்கும் வித்தியாசம் பெரிது. விசாரணைக்கு அவரே வருவாரா, ஜூனியர் வருவாரா என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். ஜாமீனுக்கும் விசாரணைக்கும் கட்டணம் தனித்தனியாக எழுத்தில் இருக்கட்டும். ஜெயித்தால் இவ்வளவு என்று கட்டணம் பேச பார் கவுன்சில் விதி இடம் தரவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஆள் பிடிப்பதும் விதிமீறல்தான்.

பணம் இல்லையென்றால் கூச்சப்பட வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம்.

தமிழ்நாட்டில் இன்னொரு கண்ணியும் உண்டு. சிறையில் இருக்கும்போதே 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டத்தில், அதாவது 'குண்டாஸில்', தடுப்புக்காவல் உத்தரவு வரலாம். அது வந்தால் ஜாமீன் கிடைத்தாலும் ஆள் வெளியே வர முடியாது. அதற்கு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது அடைத்து வைத்தது சட்டப்படி சரியா என்று கேட்கும் மனு, தனியாகப் போட வேண்டும். அந்த வேலையும் உங்கள் வக்கீல் பார்ப்பாரா என்பதை வக்காலத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு வையுங்கள்.